வாளித் தண்ணீரும் விண்மீனும்

பூம்புகார் கடற்கரையில் ஓர் இரவு தொலைநோக்கியை நிறுத்தி, கேமராவிலிருந்து வந்த இரண்டு ரப்பர் குழாய்களை வாளித் தண்ணீரில் போட்டிருந்தேன். வலையை உதறிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“ஏன் தம்பி, வாளியில மீனா வச்சிருக்க?”

“இல்லண்ணே, கேமராவுக்குச் சூடு தணிக்கிறேன்.”

அவர் நம்பவில்லை.

1834இல் ழான் பெல்டியே, இரு உலோகங்கள் சேரும் இணைப்புகளில் மின்சாரம் பாயும்போது ஒன்று குளிர்வதையும் மற்றொன்று சூடாவதையும் கண்டார். அதற்கு 135 ஆண்டுகள் கழித்து, 1969இல், பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடியை உருவாக்கினார்கள். வானியல் படமெடுப்பையே அது மாற்றியது. ஆனால் ஒளி விழாவிட்டாலும் வெப்பத்தாலேயே அதில் எலெக்ட்ரான்கள் சேரும். மங்கலான விண்மீனை மறைக்க அது போதும். ஏறக்குறைய 6, 7 டிகிரி குளிர்வித்தால் அந்தத் தொல்லை பாதியாகும்.

ஜவ்வாது மலைக் காவலூரில் வைணு பாப்பு கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, அவர் 1982இல் மறைந்த பிறகு, 1986இல்தான் திறக்கப்பட்டது. அங்கே சிசிடியைக் குளிர்வித்தது திரவ நைட்ரஜன். அதன் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி. நம்மைப் போன்றவர்களுக்கு அது எட்டாது. கையில் இருப்பது பெல்டியே தகடும் தண்ணீரும்தான்.

தகட்டின் ஒரு முகம் சிசிடியைக் குளிர்விக்கும், மறுமுகம் கொதிக்கும். அந்தச் சூட்டை அள்ளிச் செல்வதே தண்ணீரின் வேலை. விசிறி வைத்தால் அதிர்வு வரும், சுடுகாற்றும் தொலைநோக்கியின் முன்னால் மிதக்கும். தண்ணீரில் அந்தக் கவலை இல்லை. 50 வாட் வெப்பம் 4 மணி நேரம் இறங்கினால், 20 லிட்டர் தண்ணீர் சுமார் 8 டிகிரி ஏறும். காற்றும் ஆவியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

பேராசையில் ஒருமுறை வாளியில் ஐஸ் போட்டேன். கடற்காற்றின் ஈரத்தில் குழாய்கள் வியர்த்துச் சொட்டின. கேமராக் கண்ணாடியும் மூடுபனி போட்டது. ஒரு இரவு போச்சு. இந்த ஊரில் காற்றின் பனிநிலைக்குக் கீழே தண்ணீரைக் குளிர வைக்கக் கூடாது. வெறும் தண்ணீரே சரி.

விடியும் முன் அந்த அண்ணன் திரும்பி வந்து, வாளியில் கையை விட்டுப் பார்த்தார்.

“வெதுவெதுன்னு இருக்கே தம்பி. சரிதான், நீ சொன்னது.”