சோழர் அரியணை வாரிசுரிமை: கண்டராதித்தர் முதல் முதலாம் குலோத்துங்கன் வரை

பிற்காலச் சோழர் ஆட்சியில் தந்தைக்குப் பின் மூத்த மகன் முடிசூடுவதே பொது வழக்கு. ஆயினும் முதலாம் பராந்தகன் மறைந்த 955 முதல் முதலாம் குலோத்துங்கன் அரசேற்ற 1070 வரை, அரியணை தம்பிக்கும், தம்பி மகனுக்கும், இறுதியில் மகள் வயிற்றுப் பேரனுக்கும் சென்றது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலால் இக்காலம் பலருக்கும் அறிமுகமானது. நாவலின் கற்பனையையும் கல்வெட்டுச் செய்தியையும் பிரித்து அறிவது மாணவர்களுக்கு இன்றியமையாதது.

சிக்கலின் தோற்றம்

பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் இறந்தான். எனவே அடுத்த மகன் கண்டராதித்தர் அரசரானார். அவர் மறைந்தபோது, செம்பியன் மாதேவியிடம் பிறந்த அவருடைய மகன் மதுராந்தகன் சிறு குழந்தை. அதனால் ஆட்சி தம்பி அரிஞ்சயனிடமும், அவனுக்குப் பின் அவன் மகன் சுந்தர சோழனிடமும் சென்றது. இவ்வாறு ஓர் அரியணைக்கு இரண்டு கிளைகள் உரிமை கோரும் நிலை உருவானது:

- மூத்த கிளை: கண்டராதித்தர் – மதுராந்தகன் (உத்தம சோழன்)
- இளைய கிளை: அரிஞ்சயன் – சுந்தர சோழன் – இரண்டாம் ஆதித்தன் (ஆதித்த கரிகாலன்), அருள்மொழி (முதலாம் இராசராசன்)

பட்டப்பெயர் தரும் சான்று

சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிப் புனைந்தனர். சுந்தர சோழன் இராசகேசரி. அவன் மகன் ஆதித்தன் பரகேசரி. தந்தை வாழும்போதே ஆதித்தன் இளவரசுப் பட்டம் பெற்றிருந்தான் என்பதை இது காட்டுகிறது. ஆதித்தன் கொல்லப்பட்டபின் அரசேற்ற உத்தம சோழனும் பரகேசரி எனப்பட்டான். அவனுக்குப் பின் வந்த இராசராசன் இராசகேசரி ஆனான்.

ஆதித்த கரிகாலன் கொலை

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கல்வெட்டு உள்ளது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை ஆதித்தனைக் கொன்ற துரோகிகள் என்று அது கூறுகிறது. அவர்களுடைய, அவர்தம் உறவினருடைய உடைமைகள் பறிமுதலானது பற்றிய அரச ஆணையும் அதில் இடம்பெறுகிறது. கொலைக்கான காரணத்தையோ, தூண்டியவர் யார் என்பதையோ அது கூறவில்லை.

இந்த இடைவெளியில்தான் கருத்து வேறுபாடு எழுந்தது. உத்தம சோழன் மீது ஐயம் கொள்ள இடமுண்டு என்றார் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. அதை மறுத்தார் தி. வை. சதாசிவ பண்டாரத்தார். நாவலில் வரும் நந்தினியோ கல்கியின் கற்பனைப் பாத்திரம். கல்வெட்டில் அப்பெயர் இல்லை.

உடன்பாடு

மக்கள் அருள்மொழியை அரசேற்குமாறு வேண்டியதாகவும், சிற்றப்பன் ஆள விரும்பும்வரை தான் அரியணையை விரும்புவதில்லை என அவன் மறுத்ததாகவும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. உத்தம சோழன் அருள்மொழியையே இளவரசனாக்கினான் என்றும் அவை தெரிவிக்கின்றன. இவை இராசராசனின் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தில் வெளியிடப்பட்டவை. ஆதலால் தந்தையைப் புகழும் நோக்கம் இவற்றில் இருப்பது இயல்பே. எனினும் உத்தம சோழனுக்குப் பின் 985-இல் இராசராசன் போரின்றி அரசேற்றது உண்மை. மூத்த கிளையும் ஒடுக்கப்படவில்லை. செம்பியன் மாதேவி தொடர்ந்து மதிக்கப்பட்டார். உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியில் கோயில் நிருவாகப் பொறுப்பில் இருந்தான்.

பின்வந்த வழக்கமும் மகள்வழி உரிமையும்

இராசராசன் 1012-இல் இராசேந்திரனையும், இராசேந்திரன் 1018-இல் இராசாதிராசனையும் இளவரசராக்கித் தம்முடன் ஆட்சியில் பங்கு தந்தனர். இதனால் அரசன் இறந்தபின் வாரிசைத் தேடும் நிலை தவிர்க்கப்பட்டது. 1054-இல் கொப்பம் போரில் இராசாதிராசன் இறந்தபோது, தம்பி இரண்டாம் இராசேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிப் படையை நடத்தினான். அவனுக்குப் பின் மற்றொரு தம்பி வீரராசேந்திரன் ஆண்டான்.

1070-இல் வீரராசேந்திரனின் மகன் அதிராசேந்திரன் சில மாதங்களே ஆண்டு இறந்தான். அப்போது வேங்கிச் சாளுக்கிய இளவரசன் சோழ அரியணை ஏறினான். அவன் தாய் அம்மங்கைதேவி முதலாம் இராசேந்திரனின் மகள். தந்தைவழிப் பாட்டி குந்தவை முதலாம் இராசராசனின் மகள். அவனே முதலாம் குலோத்துங்கன். அதிராசேந்திரன் பரகேசரி என்பதால் இவன் இராசகேசரி ஆனான். தந்தைவழியில் சாளுக்கியனாயினும் பட்டப்பெயர் வரிசையைப் பின்பற்றித் தன்னைச் சோழ மரபிலேயே நிறுத்திக்கொண்டான்.

மதிப்பீடு

சோழர் வாரிசுரிமை எழுதி வைத்த சட்டத்தால் மட்டும் இயங்கியதன்று. வாரிசின் வயது, போர்க்காலத் தேவை, தாயாதிகளிடையே ஏற்பட்ட உடன்பாடு ஆகியவையும் அதைத் தீர்மானித்தன. குழந்தை வாரிசால் எழுந்த சிக்கல், அடுத்த தலைமுறைகளில் இளவரசுப் பட்டம் சூட்டும் வழக்கம் வலுப்பெற்றதால் பெரிதும் குறைந்தது. ஆதித்தன் கொலையைப் பொறுத்தவரை, கொன்றவர்களின் பெயர்கள் சான்றுடையவை. தூண்டியவர் பற்றிய செய்திகள் ஊகங்களே. இவ்விரண்டையும் வேறுபடுத்திப் படித்தால்தான் நாவலை நாவலாகவும் வரலாற்றை வரலாறாகவும் கொள்ள முடியும்.