வலசை போனவர்களும் வரி கட்டுபவர்களும்

சென்ற சீசனில் குத்துக்கல்வலசையில் மாமாவின் மளிகைக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மாமா பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டார்: "மருமவனே, டவுன் பக்கத்துல இருக்க ஊரையெல்லாம் நகராட்சியோட சேக்கப் போறாங்கன்னு ஒரு பேச்சு ஓடுது. சேத்துட்டா வரி கூடிரும்லா? நல்லதா கெட்டதா, நீ படிச்சவன், சொல்லு."

"கிராம சபையில கேளுங்க மாமா" என்றேன்.

அவர் சிரித்தார். "அங்க போயி நின்னா கடைய யாரு பாக்கது?"

அந்தப் பதில் அன்றைக்கு எனக்குச் சோம்பேறித்தனமாகத்தான் பட்டது. சென்னைக்குத் திரும்பிய பிறகு உள்ளாட்சி வரிகளின் வரலாற்றைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்தக் கேள்விக்கு ஆயிரத்துச் சொச்சம் வருட வயது இருப்பது தெரிந்தது.

மாமாவின் பயம் கற்பனை இல்லை. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் சொத்து வரி உயர்த்தப்பட்டது. நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், கடைக் கட்டடங்களுக்கு 100 சதவீதம். 15-வது நிதிக்குழு தன் மானியத்துக்கு வைத்த நிபந்தனையைத்தான் அரசு காரணமாகச் சொன்னது. 2025 தொடக்கத்தில் நகரங்களை ஒட்டிய பல ஊராட்சிகளை மாநகராட்சி, நகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தது. பல ஊர்களில் ஜனங்கள் மறியல் செய்தார்கள். வரி கூடும், நூறு நாள் வேலை போகும் என்ற இரண்டும்தான் எல்லா இடத்திலும் சொல்லப்பட்ட காரணங்கள். அதே ஆண்டு, கிராமத்துக் கடைகளும் ஊராட்சியில் தொழில் உரிமம் வாங்க வேண்டும் என்ற விதி பெரிய சர்ச்சையானது. வணிகர்கள் எதிர்த்தார்கள், அரசு நிறுத்தி வைத்தது.

இதையெல்லாம் ஊரில் கூடிப் பேசித் தீர்மானிக்க நம்மிடம் ஒரு மரபு இருந்ததா? இருந்தது என்று எல்லோரும் உத்திரமேரூரைக் காட்டுவார்கள். பத்தாம் நூற்றாண்டின் குடவோலைக் கல்வெட்டு பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதைவிடப் பழையது ஒன்று எங்கள் பக்கமே உண்டு. திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில், பாண்டியன் மாறஞ்சடையனின் 35-ஆவது ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. ஏறக்குறைய 1200 வருடத்துக்கு முந்தையது. சபையில் யார் உட்காரலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அது விதிக்கிறது. அதில் எனக்குப் பிடித்த விதி: சபையில் எந்தக் காரியம் வந்தாலும் 'அன்று, அன்று' என்று மறுத்துக்கொண்டே இருப்பவனும், அவனுக்குத் துணைபோகிறவனும் ஒவ்வொரு முறைக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும்.

முதலில் வாசித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் ஆபீஸ் மீட்டிங்குகளிலும் இப்படி ஒரு விதி இருந்தால் தேவலை என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொரு பக்கம் தெரிந்தது. அது நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமணர்களின் சபை. உத்திரமேரூரிலும் வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் வேண்டும். அந்தக் காலக் கல்வெட்டுகளில் வரும் வரிகளின் பெயர்களைப் பாருங்கள்: தறியிறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம், அங்காடிப்பாட்டம். நெய்கிறவர், எண்ணெய் ஆட்டுகிறவர், நகை செய்கிறவர், கடை வைத்திருப்பவர் எல்லோரும் கட்டினார்கள். மானூர்ச் சபையிலோ உத்திரமேரூர்ச் சபையிலோ இவர்களுக்கு இடமில்லை. 'அன்று' என்று சொல்லி அபராதம் கட்டும் பாக்கியம்கூட மாமா மாதிரி ஒரு கடைக்காரருக்கு வாய்த்திருக்காது.

அப்படியானால் அவர்கள் என்ன செய்தார்கள்? விடையின் ஒரு பகுதி எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. குத்துக்கல் என்பது நட்டு நிறுத்திய கல். வலசை என்பது ஊரைவிட்டுப் பெயர்ந்து போவது. ராமநாதபுரம் பக்கமும் வலசை என்று முடியும் ஊர்கள் பல உண்டு. எங்கள் வலசை எதற்காக வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வரி தாங்காமல் குடிகள் ஊரைக் காலிசெய்து போனதையும், அவர்களைத் திரும்ப அழைக்க வரியைக் குறைத்ததையும் விஜயநகர காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பேச இடமில்லாதவர்களுக்குக் கால்தான் வாய். எங்கள் பகுதியில் இது இன்னும் சுலபம். பக்கத்திலிருக்கும் செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்பு நெடுங்காலம் அது திருவிதாங்கூர். ஒரு காலைநேரம் நடந்தால் வேறு ராஜா, வேறு வரி.

போகாமல் நின்று மறுத்தவர்களும் உண்டு. 1429-ல் காவிரிக் கரையில் வலங்கை 98 பிரிவினரும் இடங்கை 98 பிரிவினரும் கூடி, அதிகாரிகளும் நிலக்காரர்களும் சேர்ந்து கசக்கும் வரியைக் கட்டமாட்டோம் என்று முடிவெடுத்து அதைக் கல்லில் வெட்டினார்கள். அந்த அதிகாரிகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பவனும் துரோகி என்றார்கள். ஒன்றோடொன்று சண்டை போடுவதற்கே பெயர்போன இரண்டு பிரிவுகள் சேர்ந்த காரியம் இது.

நின்று மறுப்பதும் வலசை போவதும் கலந்த ஒரு போராட்டம் அசல் காசியில் நடந்திருக்கிறது. பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய விசுவநாதர் கோயிலால் எங்கள் ஊர் தென்காசி ஆனது. வடகாசியில் 1810-ல் கம்பெனி அரசு வீட்டு வரி போட்டது. வீட்டு வாடகை மதிப்பில் 5 சதவீதம், கடைக்கு 10 சதவீதம். கடைக்கு எப்போதும் இரட்டிப்புதான் போல! நகரத்து ஜனங்கள் கடையைச் சாத்திவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, ஊருக்கு வெளியே வெட்டவெளியில் ஆயிரக்கணக்கில் போய் உட்கார்ந்தார்கள். கொல்லர்கள், படகோட்டிகள் எனத் தொழில் தொழிலாகச் சேர்ந்தார்கள். வாரக்கணக்கில் நகரம் நின்றது. கடைசியில் அந்த வரி ரத்தானது. தரம்பால் 1971-ல் வெளியிட்ட புத்தகத்தில் அந்தக் கடிதப் போக்குவரத்தைத் தொகுத்திருக்கிறார். காந்திக்கு நூறு வருடம் முன்பே நடந்த ஒத்துழையாமை.

ஆங்கிலேயர்கள் இதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். வரியை மேலிருந்து போட்டால் கோபம் மேலே வரும். மேயோ பிரபு 1870-ல் கல்வி, சாலை, மருத்துவம் போன்ற செலவுகளை மாகாணங்களிடம் தள்ளினார். மாகாணங்கள் அதை உள்ளூர் வரிகளில் ஏற்றின. 1882-ல் ரிப்பன் பிரபு தல சுயாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார். 1884-ல் சென்னை மாகாணத்தில் நகராட்சிகளுக்கும் தல ஸ்தாபனங்களுக்கும் புதுச் சட்டங்கள் வந்தன. ரிப்பனுக்கு நல்லெண்ணம் இருந்தது. அரசியல் கல்வி என்றே அதைச் சொன்னார். ஆனால் நம்மூர் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழில் பணமுடையும் ஒரு பெற்றோர். மேலே இருப்பவர் நிபந்தனை வைக்க, கீழே இருப்பவர் வரியை ஏற்றித் திட்டு வாங்குவது அன்று தொடங்கியது. 2022 வரைக்கும் அந்த ஏற்பாடு மாறவில்லை.

இத்தனைக்கும் நம் வியாபாரிகள் வரிக்கு எதிரிகள் என்று சொல்லிவிட முடியாது. விருதுநகர் நாடார் வணிகர்கள் தங்களுக்குள்ளேயே மகமை என்று ஒன்று வசூலித்தார்கள். வாங்கும் விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று உறவின்முறை தீர்மானிக்கும். போலீசும் ஜப்தியும் இல்லாமலே பணம் வந்தது. அப்படிப்பட்ட பொதுப்பணத்தில் 1889-ல் உருவானது க்ஷத்திரிய வித்யாசாலை. அங்கே படித்தவர்தான் காமராஜர். தான் கொடுக்கும் காசு கண்ணெதிரே கட்டடமாக எழுவதைப் பார்த்ததால் கொடுத்தார்கள். ஒரு சாதிக்குள் நடந்ததால் அந்த நம்பிக்கை சுலபமாக வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாச் சாதியும் கூடும் இடத்தில் அதே நம்பிக்கையை வரவழைப்பதுதான் ஊராட்சியின் வேலை.

அந்த இடத்தைச் சட்டம் தந்துவிட்டது. 73-வது திருத்தம், 1994-ன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை. நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். மானூரில் கிடைக்காத இடம் மாமாவுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோது தேர்தல் நடக்கவில்லை. புதிய மாவட்டப் பிரிவினையும் சேர்ந்துகொள்ள, தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஐந்து வருடம் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை, தனி அலுவலர்தான். அந்த ஐந்து வருடமும் வீட்டு வரி ரசீது மட்டும் தவறாமல் கிழிந்தது. நானும் அந்த ஐந்து வருடமும் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். ஒருமுறைகூட எனக்கு அது உறுத்தவில்லை. சட்டமன்றம் ஐந்து வருடம் மூடிக்கிடந்தால் விட்டிருப்போமா?

ஏன் உறுத்தவில்லை என்பதற்கு என் சம்பளச் சீட்டில் ஒரு வரி இருக்கிறது: தொழில் வரி. அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு அதற்கு வருடம் 250 ரூபாய் என்று வரம்பு வைத்தது. 1988-ல் 2500 ஆக்கினார்கள், இன்னும் அதே 2500. வேலை பார்க்கும் இடம் எந்த உள்ளாட்சியோ அதற்குத்தான் அது போகும். என்னுடையது சென்னை மாநகராட்சிக்கு. எங்கள் தெருவில் என்னோடு படித்த முக்கால்வாசிப் பேரின் பணம் சென்னைக்கும் பெங்களூருக்கும் கோவைக்கும் போகிறது. நாங்கள்தான் இந்தக் காலத்து வலசை. அந்தக் கால வலசை போனால் ஆள்பவனுக்கு வலித்தது, வரியைக் குறைத்துத் திரும்பக் கூப்பிட்டான். நாங்கள் சத்தமில்லாமல் போனோம், யாருக்கும் வலிக்கவில்லை. ஊரில் மிச்சமிருப்பவர்கள் கடையைப் பார்த்துக்கொள்ளவே நேரம் போதாதவர்கள். கேள்வி கேட்க நேரமும் படிப்பும் இருப்பவர்கள் வெளியூரில் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறோம்.

மாமாவுக்குப் போன் செய்தேன். இணைத்தால் எந்த வரி எவ்வளவு ஆகும், குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் என்ன கிடைக்கும், நூறு நாள் வேலையை நம்பியிருப்பவர்களுக்கு என்ன பதில் என்று மூன்று கேள்விகளைச் சொன்னேன். "எழுதி வாட்சப்ல அனுப்பு" என்றார்.

"அனுப்புறேன். அடுத்த கிராம சபைக்கு நானும் லீவு போட்டுட்டு வாரேன் மாமா. நீங்க போயி கேளுங்க, கடைய நான் பாத்துக்கிடுதேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டார்: "தராசுல சரியா நிறுத்துருவியா?"