நெருப்புநரியை யார் கையால வாங்குறது?

லினக்ஸ்ல உலாவி நிறுவுறது எப்படின்னு கேட்டா ஆளுக்கு ஒரு வழி சொல்லுவாங்க. எந்த வழியில போனாலும் கடைசியில நரி வந்து சேர்ந்துடும். ஆனா எந்த வழியில வந்த நரியை நம்பலாம்? வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், கடவுச்சொல்னு மொத்தக் குடித்தனமும் உலாவிக்குள்ள தானே நடக்குது. இதுக்குப் பின்னாடி இருபது வருஷக் கதை ஒண்ணு இருக்கு மக்களே, கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது 2004 நவம்பர் 9-ல. லினக்ஸ்காரங்களுக்கு அப்போ ரெண்டு வழி. மோசில்லா தளத்துல இருந்து சுருக்கின கோப்பை இறக்கி விரிச்சுக்கலாம். இல்லேன்னா டெபியன், ஃபெடோரா மாதிரி வழங்கல்கள் தங்களோட கிடங்குல கட்டி வெச்சிருக்கறதை எடுத்துக்கலாம். தமிழ் படிக்கிறவங்களுக்கு ரெண்டாவது தான் சரிப்பட்டு வந்துச்சு. காரணம் பாதுகாப்பு இல்ல, கொம்பு! மோசில்லா அன்னைக்குத் தந்த லினக்ஸ் பதிப்புல பாங்கோ சேர்க்கப்படாததால 'கொ', 'கெ' எல்லாம் உடைஞ்சு, கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நின்னுக்கும். ஃபெடோரா, உபுண்டுக்காரங்க பாங்கோவைச் சேர்த்துக் கட்டினாங்க. 2008-ல ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்தப்புறம் தான் அந்தத் தொல்லை விட்டது. ஆக, நடுவுல நிக்கிற ஆள் சும்மா நிக்கலைங்கிறது முதல் பாடம்.

ஆனா அந்தக் கிடங்கையே எப்படி நம்புறது? 2003 நவம்பர்ல டெபியனோட வழங்கிகள்லயே ஆள் புகுந்துட்டான். நல்லவேளை, மென்பொருள் கிடங்கு தப்பிச்சுது. அன்னைக்கு டெபியனோட நிலைப்பதிப்புல ஆப்ட் நிரல் கையொப்பம் எதையும் சரிபார்க்காது. கண்ணாடித்தளம் கொடுத்ததை அப்படியே வாங்கி நிறுவும். 2007 ஏப்ரல்ல வந்த டெபியன் 4.0-ல தான் இது மாறுச்சு. கிடங்கோட பட்டியல்ல ஒரு ஜிபிஜி கையொப்பம். ஒவ்வொரு பொதியோட கைரேகையும் அந்தப் பட்டியலோட கட்டப்பட்டிருக்கும். நடுவுல எவனாவது ஒரு பைட்டை மாத்தினாலும் ஆப்ட் கத்தி ஊரைக் கூட்டிடும். சத்தமில்லாம வந்து உட்கார்ந்த இந்த மாற்றத்துக்கு யாரும் விழா எடுக்கல. என்னைக் கேட்டா, லினக்ஸ்ல உலாவிப் பாதுகாப்போட அஸ்திவாரமே அதுதான்.

அதே 4.0-ல ஒரு கூத்தும் நடந்துச்சு. 2006-ல மோசில்லா, "எங்க பேரைப் போட்டா எங்க சின்னத்தையும் போடணும், நீங்க செய்யற திருத்தங்களை எங்ககிட்ட காட்டி ஒப்புதல் வாங்கணும்"ங்கிற மாதிரி நின்னுது. சின்னத்தோட உரிமம் கட்டற்றது இல்லைன்னு டெபியன் மறுத்துட்டு, பேரையே ஐஸ்வீசல்னு மாத்திடுச்சு. (நெருப்புநரிக்கு எதிரா பனிக்கீரின்னு வெச்சுக்கங்களேன்!) ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சு. கண்டவன் மாத்தின நிரல் தன் பேர்ல போகக் கூடாதுன்னு மோசில்லாவுக்குக் கவலை. ஓட்டையை உடனே அடைக்க அடுத்தவன் அனுமதிக்குக் காத்திருக்க முடியாதுன்னு டெபியனுக்குக் கவலை. 2008 டிசம்பரோட மோசில்லா 2.0 வரிசையைக் கைவிட்டப்புறம் அதுக்குத் திருத்தம் போடுறது டெபியன் தலையில விழுந்துச்சு. நீண்ட காலம் ஆதரிக்கிற ஈஎஸ்ஆர் பதிப்பு 2012-ல வந்து அந்தப் பாரத்தைக் குறைச்சுது. 2016-ல சமாதானமாகி நரி பழைய பேரோட டெபியனுக்குத் திரும்பி வந்துச்சு.

அப்புறம் உபுண்டு. 2022 ஏப்ரல்ல வந்த 22.04-ல அவங்க கிடங்குல இருந்த ஃபயர்ஃபாக்ஸ் டெப் பொதி வெறும் கூடு. ஆப்ட்ல கேட்டாலும் வர்றது ஸ்னாப் தான். கட்டிக் கொடுக்கறது மோசில்லாவே, அதனால ஆபத்துன்னு சொல்ல மாட்டேன். ஆனா கேட்டது ஒண்ணு, கொடுத்தது ஒண்ணுங்கிறது எனக்குப் பிடிக்கல. குரோமியம் விஷயத்துல இதே வேலையைப் பார்த்துட்டுத் தான் லினக்ஸ் மின்ட் 2020-லயே ஸ்னாப்புக்குக் கதவைச் சாத்துச்சு. மோசில்லாவோட சொந்த ஆப்ட் கிடங்கு 2023 அக்டோபர்ல நைட்லி பதிப்போட ஆரம்பிச்சு, 2024 ஜனவரியில நிலைப்பதிப்புக்கும் வந்துடுச்சு.

இவ்வளவு வழி இருந்தும் ஜனங்க எங்க மாட்டுறாங்க தெரியுமா? 2025 ஜூலை 16-ல ஆர்ச் லினக்ஸோட ஏயுஆர்ல ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரவுல்ஃப், ஸென் பேர்களோட 'பேட்ச்', 'ஃபிக்ஸ்'னு வால் ஒட்டின மூணு பொதிகளை எவனோ ஏத்திட்டான். நிறுவினா உள்ள கேயாஸ் ராட்ங்கிற தூரக்கட்டுப்பாட்டு நச்சுநிரல். ரெண்டு நாள்ல ஆர்ச்காரங்க தூக்கிட்டாங்க. ஏயுஆர் யார் வேணும்னாலும் சரக்கு வைக்கக்கூடிய சந்தை, ஆர்ச்சோட அதிகாரப்பூர்வக் கிடங்கு இல்லைங்கிறதைப் பலர் மறந்துடறாங்க.

என் வழக்கம் இதுதான். டெபியன்ல ஈஎஸ்ஆர் போதும்னா அவங்க கிடங்கு. புதுசு வேணும்னா மோசில்லா கிடங்கு. அதுக்கு முன்னாடி சாவியோட கைரேகையை அவங்க தளத்துல இருக்கறதோட ஒப்பிட்டுக்குவேன். குரோம் வேணும்னா கூகுள் தளத்துல இருந்து மட்டும். அந்த டெப்பே தன் கிடங்கையும் சேர்த்துக்கும், புதுப்பிப்பு தானா வரும். முகம் தெரியாத தளத்து டெப் கோப்பைத் தொடவே மாட்டேன். நிறுவும்போது அதுக்குள்ள இருக்கிற நிரல் ரூட் அதிகாரத்தோட ஓடுது, வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி.

உங்க நரி எங்கிருந்து வந்துச்சுன்னு சந்தேகமா? முனையத்துல 'ஆப்ட் பாலிசி ஃபயர்ஃபாக்ஸ்'னு ஆங்கிலத்துல தட்டிப் பாருங்க, கிடங்கோட முகவரி வரும். உபுண்டுவோட கூட்டுப்பொதின்னா பதிப்பு எண்ணுக்குள்ளயே 'ஸ்னாப்'னு எழுதியிருக்கும் :-)