பழைய காரும் தேறிய சீட்டும்

பரீட்சை முடிவுக்காகக் காத்திருந்து வயிற்றைக் கலக்கும் பருவம் எனக்கு எப்போதோ போய்விட்டது என்று நினைத்திருந்தேன். லண்டனுக்குப் போயிருந்தபோது ஒரு நாள் காலையில் அது திரும்பி வந்தது. பரீட்சைக்கு உட்கார்ந்தவன் நான் அல்ல. என் அண்ணன் மகனும் அல்ல. அவனுடைய பதின்மூன்று வயதுக் கார்.

வேறொருவர் ஓட்டிய அந்தக் காரை அவன் விலைக்கு வாங்கிப் பத்து மாதம் ஆகியிருந்தது. இங்கிலாந்தில் மூன்று வயது நிரம்பிய கார் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போயாக வேண்டும். ‘எம்.ஓ.டி.’ என்று அதற்குப் பெயர். தேறாத வண்டி தெருவுக்கு வரக் கூடாது.

“போன மூணு வருஷமும் முதல் தடவையிலேயே பாஸ் ஆகியிருக்கு, சித்தப்பா” என்று போகிற வழியில் நாலு தடவை சொல்லிவிட்டான். ஒரே விஷயத்தை நாலு தடவை சொல்லுகிறவனுக்கு அதில் எவ்வளவு நம்பிக்கை என்பது எனக்குத் தெரியாதா?

பட்டறையில் காரை அந்தரத்தில் தூக்கி நிறுத்தினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நாங்கள் இருவரும் பிரசவ அறை வாசலில் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தோம். அப்போது எனக்குள் எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு வித்து. பழைய கார் ஒன்று வருஷந்தோறும் தவறாமல் தேறுகிறது என்றால், அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

விடை தேடிப் போனால் 1945-க்குப் போக வேண்டியிருக்கிறது. யுத்தத்தில் ஜெயித்த பிரிட்டன் கடனில் மூழ்கிக் கிடந்தது. தொழிற்சாலைகளில் செய்த புதுக் கார்களில் பெரும் பங்கு அந்நிய நாணயம் சம்பாதிப்பதற்காகக் கப்பலேறிவிட்டது. காசு வைத்திருந்த உள்ளூர்க்காரர்கள்கூடப் புதுக் காருக்காக வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். அதுவரை 1930-களில் வாங்கிய காரையே ஒட்டுப் போட்டு ஓட்டினார்கள். அவற்றில் பலவற்றுக்கு இரும்புக் கம்பியை இழுத்துப் பிடிக்கும் பழங்காலத்துப் பிரேக். மின்மினிக்கு அண்ணனான விளக்கு. ஆட்டம் கண்ட ஸ்டியரிங்.

1959 நவம்பர் 2-ஆம் தேதி, வாட்ஃபோர்டு பக்கத்திலிருந்து ரக்பி பக்கம் வரை எம்-1 என்ற பெருஞ்சாலை திறக்கப்பட்டது. அன்று அதில் வேக வரம்பு என்பதே கிடையாது. முப்பது மைல் வேகத்தில் சாதுவாக நடை போட்டுக்கொண்டிருந்த கிழ வண்டிகளை அந்தச் சாலையில் விரட்டினால் என்ன ஆகும்?

சாலையைத் திறந்து வைத்த போக்குவரத்து மந்திரி எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ். 1956-ஆம் வருஷத்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு 1960-ல் அவர் வாகனப் பரிசோதனையைத் தொடங்கினார். பிரேக், விளக்கு, ஸ்டியரிங் என்று மூன்றே பாடங்கள். எழுத வேண்டியவை பத்து வயதைத் தாண்டிய கார்கள் மட்டுமே. ஜனங்கள் ‘பத்து வருஷப் பரீட்சை’ என்றே அழைத்தார்கள். பழசுதான் அபாயம், புதுசுக்கு என்ன கேடு என்பது அன்றைய எண்ணம்.

எண்ணம் நீடிக்கவில்லை. தேறாத வண்டிகள் அத்தனை அதிகமாக இருந்ததால், 1961 கடைசியிலேயே பத்து வயது என்பதை ஏழாகக் குறைத்தார்கள். 1967 ஏப்ரலில் அதுவும் மூன்றாயிற்று. குற்றவாளியைத் தேடிக் கிழவர்கள் வீட்டுக்குப் போன போலீஸ்காரர், திரும்பும் வழியில் வாலிபர்களையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்தது போலத்தான்! பாடங்களும் பெருகின. 1968-ல் டயர். 1977-ல் மழை துடைப்பான், ஹாரன், புகைக்குழாய், உடற்கூடு. பனிக்காலத்தில் அந்த ஊர்ச் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு காரின் அடிவயிற்றைச் சத்தமில்லாமல் தின்றுவிடுகிறது. 1991-ல் பெட்ரோல் வண்டிகளின் புகைக்கும் பரீட்சை வந்தது. இதற்கிடையில், 1970-லேயே போக்குவரத்து அமைச்சகம் வேறோர் இலாகாவில் கரைந்துவிட்டது. அதன் மூன்று எழுத்து மட்டும் பரீட்சையின் பெயரில் தங்கிப்போயிற்று.

இனிமேல்தான் கதையில் வேடிக்கை. 2012 நவம்பரில் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு வகைக் கார்களுக்கு இந்தப் பரீட்சையே வேண்டாம் என்று விலக்கு அளித்தது. எந்தக் கார்களுக்கு? 1960-க்கு முன்னால் பிறந்தவற்றுக்கு! எந்தக் கிழவர்களுக்குப் பயந்து பரீட்சையை ஏற்படுத்தினார்களோ, அவர்களையே வணங்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நம் அம்பாசடருக்கு மூல வடிவமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார் 1956-ல் வந்தது. அங்கே மிஞ்சியிருப்பவற்றுக்கும் இந்தச் சலுகை உண்டு.

இதற்குச் சர்க்கார் கணக்குக் காட்டியது. 1960-க்கு முந்திய வண்டிகளில் முதல் சோதனையில் தவறியவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. மற்றவற்றிலோ முப்பதுக்கும் மேல்.

அப்படியானால் பழசாக ஆக வண்டி உறுதியாகிவிடுகிறதா? அவசரப்படக் கூடாது. செத்துப்போன வண்டிகள் பரீட்சைக்கு வருவதில்லை. 1950-களில் பிறந்து, கவனிப்பாரில்லாமல் போனவை என்றைக்கோ பழைய இரும்பாகிவிட்டன. அறுபது வருஷம் தாங்கி நிற்பவை, ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணெய் போட்டுத் துடைக்கும் ஒரு பைத்தியக்காரனின் கையில் இருப்பவை. வருஷத்துக்கு ஐந்நூறு மைல்கூட ஓடாதவை. அந்தக் கணக்கு சொல்வது வண்டியின் வயதை அல்ல, கையின் குணத்தை.

மற்ற கார்களின் தோல்விக் கதையும் இதையே சொல்லுகிறது. தவறுவதற்கு முதல் காரணம் என்ஜின் அல்ல, விளக்குகள். வாசலில் நின்று ஒரு தடவை சுற்றிப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் பல்பு!

2018 மே 20-ஆம் தேதி இரண்டு விதிகள் சேர்ந்து வந்தன. நாற்பது வயதைத் தாண்டி, பெரிதாக உருமாறாத கார்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் வண்டியைச் சாலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் பொறுப்பு நீங்கவில்லை. மற்ற வண்டிகளில் காணும் குறைகளை அபாயம், பெரிது, சிறிது என்று மூன்று தரமாகப் பிரித்தார்கள். ‘அபாயம்’ என்று எழுதிவிட்டால், பழுது பார்க்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பவும் கூடாது.

எங்களுக்கு அந்த வார்த்தைதான் கிடைத்தது.

பரிசோதகர் எங்களைக் காருக்கு அடியில் அழைத்துப் போய் விளக்கடித்துக் காட்டினார். பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் துருவேறிச் சருகாகியிருந்தது. இன்றோ நாளையோ வெடிக்க வேண்டியது. பிறகு அவர் பழைய பதிவைத் திறந்தார். வண்டி நம்பரைக் கொடுத்தால் அந்த நாட்டில் யாரும் செலவில்லாமல் பார்க்கக்கூடிய பதிவு அது. போன வருஷம் ‘தேறியது’ என்ற பச்சை எழுத்து. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை: ‘பின்புறப் பிரேக் குழாயில் துரு.’

பழைய சொந்தக்காரர் அதைச் சரி செய்யவில்லை. என் அண்ணன் மகன் அதைப் படிக்கவில்லை. பச்சை எழுத்தோடு அவன் கண் திருப்தியடைந்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பினோம். நெடுநேரம் அவன் பேசவில்லை. முதல் நாள் சாயங்காலம் அதே காரில்தான் குழந்தையை நீச்சல் வகுப்பிலிருந்து அந்தச் செங்குத்தான மேட்டுத் தெரு வழியாக இறக்கிக்கொண்டு வந்தான். அதை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் புதுக் குழாயுடன் கார் தேறி வந்தது. இந்தத் தடவையும் பச்சை எழுத்து. கீழே இரண்டு வரி எச்சரிக்கை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவன் மேஜை முன் உட்கார்ந்து, அந்த இரண்டு வரியையும் தன் கையால் ஒரு காகிதத்தில் எழுதி, பால் கணக்கு எழுதிய சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினான்.

“சித்தப்பா, முன் டயர் ரெண்டும் தேய்ஞ்சிருக்காம். அடுத்த வருஷம் வரைக்கும் தாங்குமா?”

“அடுத்த வருஷத்தை ஏண்டா கேட்கிறாய்? நாளைக்குக் காலையில் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு எதில் கூட்டிக்கொண்டு போகிறாய்?” என்றேன்.

மறுநாள் காலை டயர் கடை திறப்பதற்கு முன்பே அவன் வாசலில் நின்றான்.