பனிக்கட்டிப் பாலமும் நச்சுக் காற்றும்

தேக்காச் சந்தையில் மீன் வாங்குவோர் செவுளைத் தூக்கிப் பார்ப்பர். மீனின்மேல் கிடக்கும் பனிக்கட்டியை எவரும் பார்ப்பதில்லை. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதன் ஒரு பகுதி நமக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது. சுங்கை ரோட்டில் ஓர் ஐஸ் ஆலை இருந்தமையால் ஹொக்கியன் சீனர் அவ்விடத்தைப் பனிக்கட்டிப் பாலம் என்றே வழங்கினர். ஆலை 1980களில் மறைந்தது.

இயந்திரம் வருமுன் பனிக்கட்டி கப்பலேறி வந்தது. 1854ல் வாம்போவா எனப் பெயர்பெற்ற ஹூ ஆ கே என்னும் வணிகர், கில்பர்ட் ஆங்கஸ் என்பாரோடு கூடிச் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஒரு பனிக்கட்டி வீடு அமைத்து, அமெரிக்காவினின்று அதனை வருவித்தார். சென்னைக் கடற்கரையில் 1842ல் எழுந்த ஐஸ் ஹவுஸுக்கும் அவ்வழியே சரக்கு வந்தது. குளிர்ச்சியை விலைகொடுத்து வாங்க வல்லார் அந்நாளில் சிலரே. வாம்போவாவின் முயற்சி சில ஆண்டுகளில் நட்டமுற்று நின்றது.

திரவம் ஆவியாகுங்கால் சுற்றிலுமுள்ள வெப்பத்தைக் கவரும். அவ்வாவியை நெருக்கிக் குளிர்வித்தால் மீண்டும் திரவமாகும். இயந்திரத்தின் தத்துவம் இவ்வளவே. எத்திரவத்தைக் கொள்வது என்பதில்தான் தொல்லை பிறந்தது. 1834ல் பெர்க்கின்ஸ் காப்புரிமை பெற்ற இயந்திரம் ஈதரைக் கொண்டது, அது தீப்பற்றுவது. 1870களில் ஜெர்மானியராகிய லிண்டே அம்மோனியாவைக் கையாண்டார். பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரியில் கொதிக்கும் அது, உப்புநீர்த் தொட்டிக்குள் ஓடும் குழாய்களில் ஆவியாகும். தொட்டியில் இறக்கிய தகரப் பெட்டிகளிலுள்ள நன்னீர் பாளமாய் உறையும். உலகெங்கும் ஐஸ் ஆலைகள் இம்முறையையே பெரிதும் கைக்கொண்டன.

அம்மோனியா கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், மிகுந்தால் கொல்லும். ஆயினும் அதனிடம் ஒரு நேர்மை உண்டு: சிறிது கசிந்தாலும் நெடியால் எச்சரித்துவிடும். மெதில் குளோரைடோ ஓசையின்றிக் கொல்வது. அதனை நிரப்பிய பெட்டிகளால் 1928, 1929ல் சிகாகோ நகர வீடுகளில் பலர் உறக்கத்திலும் மயக்கத்திலும் மாண்டனர்.

இதற்கு மாற்றாக வந்ததே பிரியான். நஞ்சன்று, எரியாது என்று காட்டுவதற்காக மிட்ஜ்லி என்னும் ரசாயன நிபுணர் 1930ல் சபை நடுவே அதனை மூச்சில் இழுத்து, மெழுகுவர்த்தியை ஊதியணைத்தார். உலகம் நம்பியது, நம்பியதில் பிழையுமில்லை, அவர் காட்டியது உண்மையே. ஆனால், யாருக்குத் தீங்கற்றது என்று அச்சபையில் எவரும் வினவியதாகத் தெரியவில்லை. தனக்கு முன்னிருந்த மனிதனை மட்டுமே அவ்வாயு விட்டுவைத்தது. அழியாத் தன்மையினால் அது மேல்வானம்வரை சென்று, அங்கே வெயிலின் கடுமையைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரித்தது. மொலினா, ரோலண்ட் இருவரும் 1974ல் இதனை எடுத்துரைத்தனர். 1987ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை எழுந்தது; 1989ல் சிங்கப்பூரும் அதில் சேர்ந்தது.

ஐஸ் ஆலைகள் இதற்கிடையிலும் அம்மோனியாவைக் கைவிடவில்லை. ஆவியாகுங்கால் அது, எடைக்கு எடை, பிரியானைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு வெப்பத்தைக் கவரும், விலையும் மலிவு. வீட்டுச் சமையலறைக்கு நச்சற்ற காற்றைத் தேடிய காலத்தில், ஆலைத் தொழிலாளி அந்தப் பழைய நெடியின் நடுவிலேயே பாளம் இழுத்தான். அவனுக்கு அளித்த பாதுகாப்பு பெரும்பாலும் அவன் மூக்கே. ஓசோனுக்கு அம்மோனியா தீங்கு செய்யாது என்பது பிற்காலத்தில் அதற்குப் புகழாயிற்று.

இன்று பல வீட்டுப் பெட்டிகளில் ஓடுவது ஐசோபியூட்டேன்; சமையல் வாயுவின் இனம், தீப்பற்றக் கூடியது. பெர்க்கின்ஸின் ஈதரைப் போன்ற அதே அபாயந்தான்; அளவு மட்டும் சில பத்துக் கிராமாகச் சுருக்கப்பட்டுள்ளது.