களிமண் சிரிக்க வைத்த வரலாறு

பிளாஸ்டிசின் என்னும் காயாத களிமண்ணை உருவாக்கியவர் ஓர் ஓவிய ஆசிரியர் என்பது தெரியுமா? இங்கிலாந்தின் பாத் நகரில் வாழ்ந்த வில்லியம் ஹார்பட், 1897-இல் தம் மாணவர்களுக்காகவே அதைச் செய்தார்.

காயாத மண் என்பதால் பொம்மையின் முகத்தை எத்தனை தடவையும் மாற்றலாம். சற்று அசைத்து ஒரு படம், மறுபடி அசைத்து இன்னொரு படம். அவற்றை விநாடிக்கு 24 வீதம் ஓடவிட்டால் பொம்மை நடக்கும். 1977-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 'மோர்ஃப்' என்ற களிமண் குட்டி மனிதன் இப்படித்தான் குறும்பு செய்தான்.

நிக் பார்க் மாணவராக இருந்தபோது 1982-இல் தொடங்கிய 'எ கிராண்ட் டே அவுட்' 1989-இல்தான் முடிந்தது. ஓடுவதோ 23 நிமிடம்! அதில் வரும் குரோமிட் நாய்க்கு வாயே கிடையாது. ஆனாலும் புருவத்தை லேசா தூக்கினாப் போதும், எசமானைப் பற்றி அது என்ன நினைக்குதுன்னு சின்னப் பிள்ளைக்கும் புரிஞ்சிடும். பாஷை தெரியாதவரும் சிரிப்பார்.

நம் வகுப்பிலும் வாய் திறக்காத பிள்ளைகள் உண்டு. 'மந்தம்' என்று ஒதுக்காதீர்கள். ஓர் உருண்டைக் களிமண்ணைக் கொடுத்துப் பாருங்கள். வாய் சொல்லாததைக் கை சொல்லும்.