உடனிருந்து பார்ப்பதற்கு ஒரு தொகை: பிரிட்டனின் முதியோர் உதவித்தொகைகள்

பிரிட்டன் தன் முதியவர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது 1909 ஜனவரி 1 அன்று. முந்தைய ஆண்டு நிறைவேறிய சட்டப்படி, 70 வயதை எட்டிய வருமானம் குறைந்தோருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. வயதானதற்காகக் கொடுத்த பணம் அது. பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தவருக்கோ, மூட்டுவாதத்தால் சட்டைப் பொத்தானைப் போட முடியாதவருக்கோ கூடுதலாக எதுவும் இல்லை. குளிப்பாட்டுவதும் உடுத்திவிடுவதும் வீட்டுப் பெண்களின் பொறுப்பு என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

சமூகக் காப்புறுதி குறித்து 1942இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கையும் அதையொட்டி வந்த 1946ஆம் ஆண்டு தேசியக் காப்புறுதிச் சட்டமும் சந்தா கட்டியவரின் சம்பள இழப்பை ஈடுசெய்யவே எழுந்தவை. கூடவே ஓர் ஆள் இருந்து கவனிக்க வேண்டிய நிலைக்கென்று தனித் தொகை இருந்தது உண்மைதான்; ஆனால் அது போரில் காயமுற்றோருக்கும் தொழிற்சாலை விபத்தில் சிக்கியோருக்கும் மட்டும். அதே அளவு இயலாமை வீட்டில் நோயாக வந்தால், உள்ளதையெல்லாம் கணக்குக் காட்டி, வசதி இல்லை என்று நிரூபித்து உதவி கேட்க வேண்டியிருந்தது.

இந்தப் பாகுபாட்டை உடைக்கப் புறப்பட்டவர்கள் பெண்கள். மேகன் டு புவாசோன் தண்டுவட மரப்பு நோயால் பாதிக்கப்பட்டவர், குடும்பத்தலைவி. சம்பள வேலையில் இல்லாததால் அவரைப் போன்றோருக்குக் காப்புறுதியில் இடமில்லை. 1965இல் அவரும் பெரிட் மூரும் கார்டியன் நாளிதழுக்குக் கடிதம் எழுதி, 'டிஸேபிள்மென்ட் இன்கம் குரூப்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எப்படி ஊனம் ஏற்பட்டது என்று பார்க்காமல், எவ்வளவு ஊனம் என்று பார்த்துப் பணம் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1969இல் மேகன் கார் விபத்தில் இறந்துபோனார்.

பராமரிப்பவர்களின் பக்கமிருந்து பேசியவர் மேரி வெப்ஸ்டர் என்ற கிறிஸ்தவ ஊழியர். வயதான பெற்றோரைக் கவனிக்க 1954இல், 31 வயதில், தன் ஊழியத்தைக் கைவிட்டவர். 1963இல் அவர் செய்தித்தாள்களுக்கு எழுதிய கடிதங்களுக்கு, அதே நிலையிலிருந்த திருமணமாகாத பெண்கள் திரளாகப் பதில் எழுதினார்கள். அதிலிருந்து பிறந்த சங்கம் பல பெயர் மாற்றங்களையும் இணைப்பையும் கடந்து இன்று 'கேரர்ஸ் யூகே'யாக இயங்குகிறது.

1970 ஜூன் தேர்தலால் தொழிற்கட்சி அரசின் ஓய்வூதிய மசோதா காலாவதியானது. அதிலிருந்த, கவனிப்புத் தேவைப்படுவோருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற பகுதியை மட்டும் அடுத்து வந்த கன்சர்வேட்டிவ் அரசு எடுத்துக்கொண்டு அதே ஆண்டில் சட்டமாக்கியது. 1971 டிசம்பர் 6 முதல் வாரம் 4.80 பவுண்டு வழங்கப்பட்டது. சந்தா கட்டியிருக்க வேண்டாம், வருமான வரம்பு இல்லை, வரியும் இல்லை. அதைவிடச் சிறப்பு ஒன்று உண்டு: உதவி உண்மையில் கிடைக்கிறதா என்று சட்டம் கேட்கவில்லை, தேவை இருக்கிறதா என்று மட்டுமே கேட்டது. ஆளில்லாமல் தனியே தடுமாறுகிறவருக்கும் உரிமை உண்டு. அரசு ஆய்வொன்று அப்போது எண்ணிய சுமார் 30 லட்சம் உடற்குறையுள்ளோரில் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைத் தாண்டியவர்கள் என்பதைப் பார்த்தால், இந்தத் தொகையின் அருமை புரியும். முதலில் பகலிலும் இரவிலும் கவனிப்புத் தேவைப்படுவோருக்கே கொடுத்தார்கள். பகல் அல்லது இரவு மட்டும் தேவைப்படுவோருக்கான குறைந்த தொகை 1973 முதல் படிப்படியாக வந்தது.

எது கவனிப்பு என்பதில்தான் வழக்குகள் எழுந்தன. 'உடலின் செயல்பாடுகள் தொடர்பான கவனிப்பு' என்றது சட்டம். சமைத்துக்கொள்ள முடியாத மூதாட்டி ஒருவரின் வழக்கில், 1981இல் டென்னிங் பிரபு உள்ளிட்ட நீதிபதிகள் சமையல் அதில் சேராது என்று தீர்ப்பளித்தார்கள். ஊட்டிவிட்டால் கணக்கு, ஆக்கிக் கொடுத்தால் கணக்கில்லை! 1994இல் பார்வையற்ற ஒருவருக்குப் பழகாத இடத்தில் வழிகாட்டுவது, பார்த்தல் என்ற செயல்பாடு தொடர்பான கவனிப்பே என்று, அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஏற்றது. 1997இல் அதே சபை, சிறுநீர் கட்டுப்படாதவரின் துணிகளை வேறிடத்தில் துவைத்துத் தரும் வேலையைச் சேர்க்க மறுத்துவிட்டது. அந்தத் துணிகளைத் துவைத்துத் தந்தவர்களுக்கு இந்தப் பகுப்பு நியாயமாகப் பட்டிருக்காது.

விண்ணப்பப் படிவமும் இந்தச் சட்டமொழியின் வழியிலேயே அமைந்தது. தொடக்க ஆண்டுகளில் மருத்துவர் வீட்டுக்கு வந்து பரிசோதிப்பது வழக்கம். 1992க்குப் பிறகு விண்ணப்பிப்பவரே எழுதித் தருவதுதான் முதன்மைச் சான்று. கழுவ, உடுத்த, கழிப்பறைக்குப் போகத் தினமும் எத்தனை முறை உதவி வேண்டும், ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் ஆகும் என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். இரவில் ஒருமுறை எழுந்தால் போதாது. இரண்டு முறையாவது இருக்க வேண்டும், அல்லது ஒரே முறையில் 20 நிமிடமாவது ஆக வேண்டும் என்பது நடைமுறை அளவுகோல். வாழ்நாள் முழுவதும் யாரையும் எதிர்பார்க்காமல் இருந்தவருக்கு இதை எழுதுவது கடினம். "எப்படியோ சமாளிக்கிறேன்" என்று எழுதிவிட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரத்தில் கால்சட்டை போடுவதும் தேவைதான் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. முன்தேதியிட்டுப் பணம் தருவதும் கிடையாது. தொலைபேசியில் படிவம் கேட்ட நாளே கோரிக்கை நாள், ஆறு வாரத்துக்குள் திருப்பி அனுப்பினால்.

1992 ஏப்ரலில் வயதுக் கோடு கூர்மையானது. 65க்குக் கீழே இருந்தவர்களுக்கு, நடமாட்டத்துக்கும் பணம் தரும் டிஸேபிலிட்டி லிவிங் அலவன்ஸ் வந்தது. அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் அதற்கு மேற்பட்டோருக்கானதாகச் சுருங்கியது. அதில் நடமாட்டப் பகுதி இல்லை. இளையவர் மூன்று மாதம் காத்திருந்தால் போதும், முதியவருக்கு ஆறு மாதம். 64 வயதில் கால் போனவருக்குக் கிடைத்த உதவி 66 வயதில் கால் போனவருக்குக் கிடைக்கவில்லை. இதற்கு நியாயம் காண்பது கடினம்.

பராமரிப்பவருக்கான இன்வாலிட் கேர் அலவன்ஸ் 1976 ஜூலையில் தொடங்கியது. வாரம் 35 மணி நேரம், அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் பெறும் ஒருவரைக் கவனிக்க வேண்டும். திருமணமான பெண்களும் ஓர் ஆணுடன் சேர்ந்து வாழும் பெண்களும் விலக்கப்பட்டார்கள். எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அரசின் வாதம். விளைவாக, முதல் பத்தாண்டில் சில ஆயிரம் பேரே இதைப் பெற்றார்கள். 1984 ஜூனில் கடும் ஊனமுற்ற தாய் தன்னோடு வந்து தங்கியதும் வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக், 1985 பிப்ரவரியில் விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். வழக்கு லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1986 ஜூன் 24 அன்று, சமூகக் காப்பில் ஆண் பெண் சமத்துவத்துக்கான ஐரோப்பிய ஆணையை இவ்விலக்கு மீறுகிறது என்று தீர்ப்பு வந்தது. தோல்வியை உணர்ந்த அரசு முந்தைய நாளே, மணமான பெண்களுக்கும் தருவதாக அறிவித்துவிட்டது.

65 வயதைக் கடந்தவர்கள் இன்வாலிட் கேர் அலவன்ஸுக்குப் புதிதாக விண்ணப்பிப்பதற்கிருந்த தடை 2002 அக்டோபரில்தான் நீங்கியது. அடுத்த ஆண்டு அதன் பெயர் கேரர்ஸ் அலவன்ஸ் என்று மாறியது. எண்பது வயதுக் கணவரை எழுபத்தெட்டு வயது மனைவி தூக்கி உட்கார வைக்கும் வீடுகளுக்குத் தடை நீங்கியது பெரிய செய்திதான். ஆனால் ஒரே காரணத்துக்கு இரண்டு தொகை கூடாது என்ற விதி குறுக்கே நிற்கிறது. அரசு ஓய்வூதியம் கேரர்ஸ் அலவன்ஸைவிட அதிகமாயிருந்தால், "உரிமை உண்டு, பணம் இல்லை" என்று கடிதம் வரும். 2025-26இல் கேரர்ஸ் அலவன்ஸ் வாரம் 83.30 பவுண்டு, முழு புதிய அரசு ஓய்வூதியம் 230.25. பலர் இந்த விதியைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆனால் பணமில்லாத அந்த உரிமை, வருமானம் குறைந்தோருக்கான பென்ஷன் கிரெடிட்டைக் கூட்டித் தரும்; 2025-26இல் அந்தக் கூடுதல் வாரம் 46.40 பவுண்டு வரை.

அட்டெண்டன்ஸ் அலவன்ஸில் கைவைக்க இரண்டு முறை யோசனை எழுந்தது. 2009இல் அந்தப் பணத்தைப் பொதுப் பராமரிப்பு நிதியோடு சேர்க்கலாம் என்று பேசினார்கள். 2015இல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டு 2017 ஜனவரியில் கைவிடப்பட்டது. ஸ்காட்லாந்தில் அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்குப் பதிலாக, பென்ஷன் ஏஜ் டிஸேபிலிட்டி பேமென்ட் 2024 அக்டோபரில் சில பகுதிகளிலும் 2025 ஏப்ரல் 22 முதல் நாடு முழுவதும் வந்தது. அதிலும் நடமாட்டப் பகுதி சேர்க்கப்படவில்லை.